பல்கலைக்கழகக் கொள்கை ஆய்வு மையம்

பல்கலைக்கழகக் கொள்கை ஆய்வு மையம் என்பது, அரசு எடுக்கும் முடிவுகளுக்குத் தேவையான தரவுகளையும் ஆய்வுகளையும் உருவாக்குவதற்காக ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ளோ அதனோடு இணைந்தோ இயங்கும் அமைப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது 'திங்க் டேங்க்' எனப்படுகிறது. சிந்தனைக் குழு, சிந்தனையகம் ஆகிய பெயர்களும் உண்டு. பாடம் நடத்துவதும் பட்டம் வழங்குவதும் ஒரு துறையின் முதன்மைப் பணிகள். கொள்கை ஆய்வு மையமோ ஒரு திட்டம் யாருக்குப் பயன்பட்டது, யாருக்குப் பயன்படவில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்ற கேள்விகளுக்கு விடை தேடுகிறது.

தமிழ்நாட்டில் இத்தகைய பணிக்கு நூறாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. ஒரு மையத்தின் மதிப்பை இரண்டு செய்திகள் தீர்மானிக்கின்றன என்பதை அந்த வரலாறு காட்டுகிறது. ஒன்று, ஒரே ஊருக்கும் ஒரே கேள்விக்கும் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிச் செல்லும் பொறுமை. மற்றொன்று, பணம் தருபவருக்குப் பிடிக்காத முடிவையும் வெளியிடும் உரிமை. மையத்தைத் தொடங்கும்போது செய்யும் ஏற்பாடுகள் அனைத்தும் இந்த இரண்டையும் காக்கும் வகையில் அமைய வேண்டியவை.

தரவும் முடிவும்: திருத்தணி எடுத்துக்காட்டு

கொள்கை முடிவில் தரவின் பங்கு என்ன என்பதற்குத் திருத்தணி நல்ல எடுத்துக்காட்டு. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் உருவானபோது, திருத்தணியை உள்ளடக்கிய சித்தூர் மாவட்டம் ஆந்திராவில் சேர்ந்தது. தமிழ் பேசும் பகுதிகளைச் சென்னை மாநிலத்தில் சேர்க்கக் கோரி ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார், கே. விநாயகம் முதலியோர் போராடினர். இரு மாநிலங்களுக்கும் இடையே தீர்வு காண எச். வி. படாஸ்கர் நடுவராக அமர்த்தப்பட்டார்.

படாஸ்கரின் பரிந்துரை கிராமத்தை அலகாகக் கொண்டது. கிராமத்தில் பெரும்பான்மையோர் பேசும் மொழி எது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அடிப்படையாயிற்று. நிலத் தொடர்ச்சியும் கருத்தில் கொள்ளப்பட்டது. இதன்படி 1959இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குச் சென்றது.

இங்கு கவனிக்க வேண்டியது அலகுத் தேர்வு. தாலுகாவை அலகாகக் கொண்டால் ஒரு முடிவும், கிராமத்தை அலகாகக் கொண்டால் வேறொரு முடிவும் கிடைக்கக்கூடும். எதை எண்ணுவது, எந்த அளவில் எண்ணுவது என்பது வெறும் தொழில்நுட்பச் சிக்கல் போலத் தோன்றும். ஆனால் அதிலேயே பல குடும்பங்களின் மாநிலம், பள்ளி மொழி, நீதிமன்றம் ஆகியவை அடங்கிவிடுகின்றன.

நடுவர் குழுவோ ஆணையமோ ஒரு முறை ஆய்ந்து, அறிக்கை கொடுத்தவுடன் கலைந்துவிடும். முடிவின் விளைவுகள் அதன் பிறகும் தொடரும். எல்லைக்கு இப்பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்களும், அப்பக்கம் தமிழ் பேசும் குடும்பங்களும் இருக்கவே செய்கின்றன. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006 பள்ளிகளில் தமிழை ஒரு பாடமாகப் படிப்படியாகக் கட்டாயமாக்கியபோது, மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றத்தை நாடின. இத்தகைய கேள்விகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதற்குக் கலையாத ஓர் அமைப்பு தேவைப்படுகிறது. பல்கலைக்கழகம் அதற்குப் பொருத்தமான இடம்.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறை

தமிழ்நாட்டில் இவ்வகைப் பணியின் தொடக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. ஆக்ஸ்போர்டிலுள்ள ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்த கில்பர்ட் சிலேட்டர், 1915இல் இங்கு இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். பாடநூல்களில் இருந்த பொருளியல் இங்கிலாந்தைப் பற்றியதாகவே இருந்தது. எனவே மாணவர்கள் தத்தம் ஊர்களுக்குச் சென்று நிலம், கூலி, கடன், கால்நடை, உணவு ஆகியவற்றைப் பற்றிய விவரங்களைத் திரட்டும்படி அவர் வினாப்பட்டியல் கொடுத்து அனுப்பினார். அந்த ஆய்வுகள் 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய ஆங்கில நூலாக வெளிவந்தன. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஆகிய தமிழ்க் கிராமங்கள் அதில் இடம்பெற்றன.

அந்தப் பணி ஒரு நூலோடு முடியவில்லை. பின்னர் துறைத் தலைவராக இருந்த பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணனுடன் சேர்ந்து 1936-37இல் அதே கிராமங்களை மீண்டும் ஆராயச் செய்தார். மறு ஆய்வு 1940இல் நூலாயிற்று. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தமும் விளைபொருள் விலை வீழ்ச்சியும் வந்துபோயிருந்தன. முதல் ஆய்வு இருந்ததால்தான் அவற்றின் விளைவை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

தாமஸ் காலத்தில் துறை நேரடியாகக் கொள்கை மதிப்பீட்டிலும் ஈடுபட்டது. 1937 அக்டோபர் 1ஆம் நாள் ராஜாஜி தலைமையிலான அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள், சாராயத்துக்குச் செலவான பணம் குடும்பங்களில் இப்போது எதற்குச் செல்கிறது என்ற கேள்வியைத் துறை ஆராய்ந்தது. அரசுக்கோ ஆயத்தீர்வை வருமானம் குறைந்தது. அதை ஈடுகட்டும் வழியாக 1939இல் சென்னை மாகாணப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. ஒரு கொள்கை ஒரு பக்கம் குடும்பத்தையும் மறுபக்கம் கருவூலத்தையும் எப்படித் தொடுகிறது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய தேவைக்கு இது தெளிவான சான்று.

துறை வடிவத்தின் பலம், சம்பளமும் மாணவர்களும் ஏற்கெனவே இருப்பது. அதன் குறை, ஆர்வமுள்ள பேராசிரியர் சென்றபின் பணி நின்றுவிடுவது.

அமைச்சகத்தின் மையம்

விடுதலைக்குப் பின் பல்கலைக்கழகங்களின் பணி என்ன என்பதை ஆராய 1948இல் பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் அமைக்கப்பட்டது. திருத்தணியில் 1888 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அதன் தலைவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். 1949இல் அளித்த அறிக்கையில் ஊரக வாழ்வோடு இணைந்த ஊரகப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றும், நிதி வழங்குவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு வேண்டும் என்றும் ஆணையம் பரிந்துரைத்தது.

1954இல் நடுவண் அரசின் வேளாண் அமைச்சகம் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் வேளாண் பொருளியல் ஆய்வு மையங்களை நிறுவத் தொடங்கியது. முதலில் அமைந்தவற்றுள் ஒன்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. இவ்வடிவத்தில் பணம் அமைச்சகத்திலிருந்து வருகிறது. பணியாளர்கள் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கின்றனர். கிராம ஆய்வுகள் தொடர்ந்து நடக்க இது வழிசெய்தது. ஆனால் எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதில் பணம் தரும் அமைச்சகத்தின் தேவையே முன்னுக்கு வருவது இவ்வடிவத்தின் இயல்பு.

சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்

மூன்றாவது வடிவம், பல்கலைக்கழகத்தோடு உறவு கொண்டு தனித்து நிற்கும் நிறுவனம். இதற்குத் தமிழ்நாட்டின் முதன்மையான எடுத்துக்காட்டு, சென்னை அடையாறு காந்தி நகரில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்.

இதை நிறுவிய மால்கம் ஆதிசேஷையா 1910இல் வேலூரில் பிறந்தவர். 1940களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியராக இருந்தார். 1948இல் யுனெஸ்கோவில் சேர்ந்து அதன் துணைத் தலைமை இயக்குநர் பொறுப்பு வரை உயர்ந்தார். 1970இல் ஓய்வு பெற்றுச் சென்னை திரும்பிய அவர், மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து 1971இல் இந்நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார்.

தனிமனித முயற்சியாகத் தொடங்கிய நிறுவனம் 1977இல் மாற்றியமைக்கப்பட்டது. இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றமும் தமிழ்நாடு அரசும் அதற்கு நிதி தரும் பொறுப்பை ஏற்றன. அடுத்த ஆண்டு சி. டி. குரியன் இயக்குநரானார். நிறுவியவர் உயிரோடும் செல்வாக்கோடும் இருக்கும்போதே பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தது இந்த மாற்றத்தின் முக்கியக் கூறு. நிதி ஒரே வாயிலிலிருந்து வராமல் நடுவண் மன்றம், மாநில அரசு, அறக்கட்டளை, தனித்தனி ஆய்வுத் திட்டங்கள் என்று பிரிந்திருந்தது. முனைவர் பட்ட ஆய்வாளர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து இங்கு ஆய்வு செய்யும் ஏற்பாடும் அமைந்தது.

தமிழ்நாட்டின் நிதித் துறைச் செயலாளராக இருந்த எஸ். குகன் இந்நிறுவனத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தார். 1980களின் தொடக்கத்தில் அவரும் மானிடவியலாளர் ஜோன் மெஞ்சரும் சிலேட்டரின் மாணவர் சென்ற அதே இருவேல்பட்டுக்குச் சென்று மறு ஆய்வு செய்தனர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மீண்டும் அங்கு சென்றனர். அவர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரை 1916 முதல் 2008 வரையிலான நிலம், உழைப்பு, சாதி அரசியல் ஆகியவற்றின் மாற்றத்தை விவரிக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு கிராமத்துக்குத் தொண்ணூறு ஆண்டுக்கும் மேற்பட்ட ஆய்வுப் பதிவு கிடைத்தது இப்படித்தான். அக்கட்டுரையாசிரியர்களுள் ஒருவரான ஜெயரஞ்சன் 2021இல் தமிழ்நாடு மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவரானார்.

நிறுவனத்தின் பணி கிராம ஆய்வோடு நிற்கவில்லை. 1988இல் தமிழ்நாட்டுப் பொருளாதாரத்தைப் பற்றிய விரிவான நூல் வெளிவந்தது. காவிரிப் பூசல் முற்றியிருந்த 2003இல், அங்குப் பேராசிரியராக இருந்த எஸ். ஜனகராஜனின் முயற்சியால் தமிழ்நாடு, கர்நாடக உழவர்கள் ஒன்றாக அமர்ந்து பேசும் 'காவிரிக் குடும்பம்' உருவானது. அரசுகள் நீதிமன்றத்தில் நின்றபோது உழவர்கள் ஒருவர் வயலை மற்றவர் சென்று பார்த்தனர். இரு தரப்பையும் ஒரே மேசைக்கு அழைக்கும் தகுதி நம்பகத்தன்மை உள்ள நிறுவனத்துக்கே வாய்க்கும்.

மையத்தைத் தொடங்குதல்

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து தொடக்க நிலைக்கு வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறலாம்.

முதலில் தெளிவான கேள்வி வேண்டும். 'ஊரக வளர்ச்சி' என்பது கேள்வி ஆகாது. 'இந்த ஒன்றியத்தில் விசைத்தறித் தொழிலாளரின் கடன் எங்கிருந்து வருகிறது' என்பது கேள்வி. கேள்வி குறுகியதாக இருந்தால் சிறிய குழுவே விடை காண முடியும்.

அடுத்தது சட்ட வடிவம். பல்கலைக்கழகத்தின் உள் அமைப்பாகத் தொடங்கினால் கட்டடம், நூலகம், மாணவர்கள் எளிதில் கிடைப்பர். ஆனால் பணி நியமனமும் செலவும் பல்கலைக்கழக ஆட்சிக்குழு, நிதி அலுவலர் வழியாகவே நடக்கும். தனி அமைப்பாகத் தொடங்க விரும்புவோர் பொது அறக்கட்டளை, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ்ப் பதிவு பெற்ற சங்கம், நிறுவனங்கள் சட்டம் 2013இன் 8ஆம் பிரிவின் கீழ் அமையும் இலாப நோக்கற்ற நிறுவனம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போது பல்கலைக்கழகத்துடன் எழுத்து மூலமான உடன்படிக்கை தேவை. தரவு யாருக்கு உரியது, வெளியிடும் முடிவு யாருடையது, பல்கலைக்கழகத்தின் பெயரை எப்போது பயன்படுத்தலாம் ஆகியவை அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

மூன்றாவது நிதி. ஆய்வுத் திட்டத்துக்குக் கிடைக்கும் பணம் அத்திட்டம் முடிந்ததும் தீர்ந்துவிடும். கணக்கர், தரவுப் பொறுப்பாளர், நூலகர் ஆகியோருக்கு மாதச் சம்பளம் தரத் திட்டம் சாராத பணம் வேண்டும். சிறிதளவாயினும் வைப்பு நிதி இருந்தால், பொருந்தாத ஆய்வுப் பணியை மறுக்கும் துணிவு மையத்துக்கு வரும்.

மையத்தை நடத்துதல்

அன்றாடப் பணியில் முதலிடம் பெறுவது தரவு மேலாண்மை. வினாப்பட்டியல், மாதிரியைத் தேர்ந்த முறை, களக் குறிப்பு ஆகியவற்றைப் பாதுகாத்தால்தான் இருபது ஆண்டு கழித்து வருபவர் ஒப்பிட முடியும். 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உரிய ஆண்டில் நடக்காததால், பல திட்டங்கள் 2011ஆம் ஆண்டின் எண்களையே நம்பியிருக்க நேர்ந்தது. இத்தகைய நேரத்தில் உள்ளூர் ஆய்வின் மதிப்பு கூடுகிறது.

முன்பே அளந்து வைத்திருப்பதன் பயனுக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டும் உண்டு. தமிழ்நாட்டு ஊரகக் குழந்தைகளின் கற்றல் நிலையை ஓர் ஆய்வுக் குழு 2019இல் அளந்திருந்தது. கொரோனாவால் மூடப்பட்ட பள்ளிகள் திறந்த பின்னர் 2021-22இல் அதே ஊர்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை மீண்டும் அளந்தது. கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதங்களுக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்தது என்றும் கண்டறியப்பட்டது. 2019ஆம் ஆண்டின் அளவு இல்லாதிருந்தால் இழப்பையும் மீட்சியையும் இவ்வளவு துல்லியமாகக் கூறியிருக்க இயலாது.

விவரம் தருபவரின் பாதுகாப்பும் மையத்தின் பொறுப்பு. சிறு கிராமத்தில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. 'ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் விதவை' என்று எழுதினாலே அவர் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஒப்புதல் பெறுவது, அறிநெறிக் குழுவின் அனுமதி, 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றைக் களப்பணியாளர் அறிந்திருக்க வேண்டும்.

வெளியீட்டில் காலமும் மொழியும் முக்கியம். நிதிநிலை அறிக்கை தாக்கலான பிறகு கொடுக்கும் பரிந்துரையால் அந்த ஆண்டு பயன் இல்லை. நூறு பக்க ஆய்வறிக்கையுடன் அதிகாரி படிக்கக்கூடிய நான்கு பக்கச் சுருக்கமும், ஊர் மக்கள் படிக்கக்கூடிய தமிழ் வடிவமும் வேண்டும். விவரம் தந்த ஊருக்கே முடிவைக் கொண்டுசென்று வாசித்துக் காட்டினால் பிழைகள் அங்கேயே திருத்தப்படும். அடுத்த முறை வீட்டுக் கதவும் திறக்கும்.

சுதந்திரமும் அதன் விலையும்

கொள்கை ஆய்வு மையத்தின் கடினமான சோதனை, அதன் முடிவு அதிகாரத்தில் உள்ளவருக்குப் பிடிக்காதபோது வருகிறது. 2023இல் ஹரியானாவிலுள்ள அசோகா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ஒருவர் 2019 மக்களவைத் தேர்தலைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை பெரும் சர்ச்சையானது. பல்கலைக்கழகம் அதிலிருந்து விலகி நின்று அறிக்கை வெளியிட்டது. அவர் அம்மாதமே பதவி விலகினார். இது தனியார் பல்கலைக்கழகமாயினும் அரசின் அழுத்தம் குறித்த அச்சம் இல்லாமல் போகாது என்பதைக் காட்டியது.

1973 முதல் டெல்லியில் இயங்கும் கொள்கை ஆராய்ச்சி மையத்தின் அனுபவம் வேறு வகை. வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான அதன் உரிமம் 2023 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டு, 2024 ஜனவரியில் நீக்கப்பட்டது. அந்நிதியைப் பெரிதும் சார்ந்திருந்ததால் பணியாளர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

இவற்றை முழுவதும் தவிர்க்கும் வழி எதுவும் இல்லை. ஆனால் பாதிப்பைக் குறைக்கச் சில ஏற்பாடுகள் உதவும். நிதி பல வாயில்களிலிருந்து வருவது, நிதி அளித்தவர் பெயரை ஒவ்வொரு அறிக்கையிலும் வெளியிடுவது, வெளியீட்டைத் தடுக்கும் உரிமையை எந்த நன்கொடையாளருக்கும் அளிக்காதது, வெளியிடும் முன் வெளி வல்லுநரிடம் காட்டித் திருத்துவது ஆகியவை அவற்றுள் அடங்கும். கட்டுரை ஆசிரியருடையது, அதை வெளியிடும் உரிமையைக் காப்பது நிறுவனத்துடையது என்ற விதியைச் சர்ச்சை எழும் முன்பே எழுதி வைப்பது நல்லது.

சிறு நகரங்களில் வாய்ப்பு

எல்லை மாற்றத்தில் ஆந்திராவுக்குச் சென்ற சத்தியவேடு பகுதியை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் இன்று கிரியா பல்கலைக்கழகம் இயங்குகிறது. அங்குக் கொள்கை ஆய்வு செய்யும் மையங்களும் உள்ளன. எல்லைக்கு இப்பக்கம் திருத்தணியில் சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி உள்ளது. பெரிய மையத்துக்கு வேண்டிய நிதி அரசு கலைக் கல்லூரியில் எதிர்பார்க்கத்தக்கது அன்று. ஆயினும் சிலேட்டர் தொடங்கிய முறைக்கு வேண்டிய அனைத்தும் அத்தகைய கல்லூரியில் உண்டு. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள், ஒரு வினாப்பட்டியல், வழிகாட்டும் ஆசிரியர் ஆகியவையே அவை.

கேள்விகளுக்கும் இங்குக் குறைவில்லை. பள்ளிப்பட்டு, ஆர். கே. பேட்டை பகுதி விசைத்தறிக் குடும்பங்களின் வருமானம், எல்லையோர ஊர்களில் குழந்தைகள் எந்த மொழியில் படிக்கின்றனர், ஆடிக் கிருத்திகைக்கு வரும் பெருங்கூட்டத்துக்குத் தண்ணீரும் கழிப்பிடமும் எவ்வளவு தேவை, நாள்தோறும் சென்னைக்கு மின்தொடர்வண்டியில் வேலைக்குச் செல்வோர் எத்தனை பேர் ஆகியவை சில. இவற்றை ஒரு முறை கேட்டு எழுதினால் அது கல்லூரித் திட்டக் கட்டுரை. விவரங்களைக் கல்லூரி நூலகத்தில் பாதுகாத்து, ஐந்தாண்டுக்கு ஒரு முறை அதே தெருவுக்கு அடுத்த மாணவரை அனுப்பினால் அதுவே கொள்கை ஆய்வின் அடித்தளம். இருவேல்பட்டுக்கு முதலில் சென்றவரும் ஒரு மாணவர்தான்.